கும்மிடிப்பூண்டிக்கு எதற்கு ருஷ்ய மொழி?

திருவள்ளூர் மாவட்டத்துக்கு ருஷ்ய மொழி புதிதல்ல. ஆவடியில் 1961இல் தொடங்கிய கனரக வாகனத் தொழிற்சாலை முதலில் செய்தது விஜயந்தா. அது பிரிட்டிஷ் வடிவமைப்பு டாங்கி. எண்பதுகளில் சோவியத் உரிமத்தோடு டி-72 வந்தது. அஜேயா என்று பெயர் வைத்தார்கள். 2001இல் டி-90க்கு ஒப்பந்தம் ஆயிற்று. மொத்தம் 310 வண்டிகள்; 124 முழுதாக வரும், மீதி 186 பாகங்களாக வந்து ஆவடியில் பூட்டப்படும். கூடவே தொழில்நுட்பமும் கைமாறும் என்றார்கள். கைமாறி வந்த காகிதங்கள் ருஷ்ய மொழியில் இருந்தன. அவற்றை ஆங்கிலமாக்கி முடிக்க ஆண்டுக்கணக்கில் ஆயிற்று. உள்நாட்டு உற்பத்தி தள்ளிப்போனதற்கு அதுவும் ஒரு காரணம் என்று பிறகு தணிக்கையில் பதிவாயிற்று. பீஷ்மா என்ற பெயரோடு ஆவடியில் உருவான முதல் டி-90 வண்டிகள் வெளியே வந்தது 2009 ஆகஸ்டில்.

இந்தச் செய்தியைப் படித்தவர்கள் வழக்கம்போல அரசாங்க மெத்தனத்தைத் திட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிருப்பார்கள். எனக்கு அதில் வேறொன்று உறுத்தியது. இருபத்தைந்து முப்பது ஆண்டுகளாக ருஷ்ய எழுத்து பொறித்த இரும்பு வந்து இறங்கிய மாவட்டம் இது. லேத்தில் நின்றவரும் டிராயிங் பார்த்தவரும் அந்த எழுத்துகளைத் தினமும் பார்த்திருக்கிறார்கள். ஆனாலும் அந்த மொழி ஆலையின் மதில் சுவரைத் தாண்டி ஒரு கல்லூரி வகுப்பறைக்குள் வந்து உட்காரவில்லை.

வரைபடத்தை விரித்துப் பார்த்தால் இந்த விநோதம் இன்னும் கூடுகிறது. கும்மிடிப்பூண்டியிலிருந்து வடக்கே போனால் ஆந்திர எல்லை, தடா, அப்புறம் சூலூர்பேட்டை. அங்கிருந்து கிழக்கே திரும்பினால் ஸ்ரீஹரிகோட்டா. 2001 ஏப்ரல் 18இல் அங்கிருந்து கிளம்பிய முதல் ஜிஎஸ்எல்வி ராக்கெட்டின் உச்சியில் இருந்தது ருஷ்யாவில் செய்த கிரையோஜெனிக் எஞ்சின். 1991இல் கிளாவ்கோஸ்மாஸ் நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்தம், அமெரிக்க நெருக்கடியால் தொழில்நுட்பம் இல்லாமல் எஞ்சின் மட்டும் என்று சுருங்கியது. அப்படிக் கிடைத்தவற்றில் ஒன்று அது. பின்னாளில் ககன்யான் திட்டத்துக்குத் தேர்வான நான்கு விமானிகள், அவர்களில் ஒருவர் சென்னையில் பிறந்த அஜித் கிருஷ்ணன், 2020இலும் 2021இலும் மாஸ்கோவுக்கு அருகிலுள்ள ககாரின் மையத்தில் பயிற்சி பெற்றபோது அதில் ருஷ்ய மொழியும் ஒரு பாடம். கும்மிடிப்பூண்டிக்குத் தெற்கே வந்தால் எண்ணூர் காமராஜர் துறைமுகம். 2019 செப்டம்பரில் சென்னைக்கும் விளாதிவஸ்தோக்குக்கும் நேர்க் கடல்வழி அமைக்க இரு நாடுகளும் கையெழுத்திட்டன. ஏறத்தாழ 5,600 கடல் மைல். தென்மேற்கே ஆவடி. ஆக, டாங்கியாக, எஞ்சினாக, கப்பல் தடமாக ருஷ்யா இந்த ஊரை மூன்று பக்கமும் சூழ்ந்திருக்கிறது. அந்த மொழியைப் படிக்க ஆசைப்படும் பிள்ளை மட்டும் மின்ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கி, அங்கிருந்து பஸ் பிடித்து ஆழ்வார்பேட்டை கஸ்தூரி ரங்கன் சாலையிலுள்ள ருஷ்யப் பண்பாட்டு மையத்துக்குப் போக வேண்டும். போய்த் திரும்பினால் அரை நாள் போய்விடும்.

ஆழ்வார்பேட்டைக்காரர் ருஷ்ய மொழி படித்தால் அது ரசனை. கும்மிடிப்பூண்டிக்காரர் படித்தால், ‘எதற்கு?’ என்ற கேள்வி வருகிறது. இந்தக் கேள்வியைச் செகாவ் நன்றாக அறிந்திருந்தார். 1901இல் மேடையேறிய ‘மூன்று சகோதரிகள்’ நாடகத்தில் ஒரு மாகாணச் சிறுநகரம். அங்கே பல மொழிகள் கற்ற ஒரு குடும்பம். இந்த ஊரில் மூன்று மொழி தெரிந்திருப்பது தேவையில்லாமல் முளைத்த ஆறாவது விரல் போன்றது என்று மாஷா சலித்துக்கொள்கிறாள். வெர்ஷினின் என்ற ராணுவ அதிகாரி அதை ஒப்புக்கொள்வதில்லை. கற்ற மனிதர் தேவைப்படாத அளவுக்கு மந்தமான ஊர் எதுவுமே கிடையாது என்பது அவன் கட்சி. இன்று மூன்று பேர் இருந்தால் நாளை ஆறு பேர் வருவார்கள் என்று கணக்குச் சொல்கிறான். செகாவ் அவனைக் கொஞ்சம் வாயாடியாகத்தான் படைத்திருக்கிறார். என்றாலும் நான் அவன் பக்கம்.

கும்மிடிப்பூண்டியை மொழி வறண்ட ஊர் என்று நினைப்பது அந்த ஊரைத் தெரியாதவர்கள் செய்கிற தவறு. வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ், தேர்வில் ஆங்கிலம் என்று வளர்கிற பிள்ளைகள் எல்லையோர ஊர்களில் ஏராளம். சிப்காட் உருக்கு ஆலைகளிலும் வார்ப்படப் பட்டறைகளிலும் வேலை செய்ய ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்தவர்களோடு பேசிப் பேசியே இந்தி பழகிய சூப்பர்வைசர்கள் இருக்கிறார்கள். ஒடியா தெரிந்த மளிகைக்காரர் இருக்கிறார். முப்பதாண்டுகளுக்கு மேலாக இருக்கும் இலங்கைத் தமிழர் முகாமில் ஈழத் தமிழின் பல வட்டார வழக்குகள் ஒரே தெருவில் கேட்கும். இத்தனை மொழிகளைப் பள்ளிக்கூடம் இல்லாமலே கையாள்கிற ஊருக்கு இன்னொரு மொழி பாரமாகிவிடாது. குறை ஊரின் திறமையில் இல்லை; அந்தத் திறமையைக் கல்வி என்று யாரும் எண்ணிப் பார்க்காததில்தான் இருக்கிறது.

ருஷ்யா நமக்கு இன்னொரு வழியாகவும் வந்தது. அது புத்தக வழி. 1951இல் தொடங்கிய நியூ செஞ்சுரி புத்தக நிறுவனம் ஊர் ஊராகக் கண்காட்சி வைத்து, மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகத்தின் கெட்டி அட்டைப் புத்தகங்களை டீக்காசுக்கு விற்றது. ரா. கிருஷ்ணையாவின் தமிழில் ‘புத்துயிர்ப்பு’, ‘வெண்ணிற இரவுகள்’, பூ. சோமசுந்தரத்தின் தமிழில் ‘நம் காலத்து நாயகன்’, ஐத்மாத்தவின் ‘ஜமீலா’. மாஸ்கோவில் போய்த் தங்கி இந்த வேலையைச் செய்தவர்கள் இவர்கள். அதற்கு முன்பே தமிழகத்தில் இருந்தபடி டி.எஸ். சொக்கலிங்கம் ‘போரும் வாழ்வும்’ தந்தார், தொ.மு.சி. ரகுநாதன் கோர்க்கியின் ‘தாய்’ தந்தார். புதுமைப்பித்தன் குப்ரினை எடுத்து ‘பலிபீடம்’ ஆக்கினார். நம் காலத்தில் எம்.ஏ. சுசீலா தஸ்தயேவ்ஸ்கியின் இரு பெரும் நாவல்களைத் தனியொருவராகச் சுமந்து வந்தார். இந்தப் பட்டியல் இல்லாமல் நவீனத் தமிழ் உரைநடையின் வரலாற்றை எழுத முடியாது. ஜெயமோகனின் ‘பின் தொடரும் நிழலின் குரல்’ போன்ற ஒரு நாவல் தமிழில் எழுதப்பட முடிந்தது, ருஷ்யாவைச் சொந்த ஊர் போல நினைத்து வாழ்ந்த இரண்டு தலைமுறைகள் இங்கே இருந்ததால்தான்.

ஆனால் இந்தப் பெரும் வரவில் கணிசமான பகுதி ஆங்கிலத்தின் வாசல் வழியாக நுழைந்தது. அதற்காக மொழிபெயர்ப்பாளர்களைக் குறை சொல்வது நன்றிகெட்ட செயல். அவர்கள் கையில் ஆங்கிலம் இருந்தது, அதைக் கொண்டு அவர்கள் செய்தது மலைப்பானது. கேள்வி நம்மைப் பற்றியது. நூறாண்டுகளாக ஒரு இலக்கியத்தை நேசிப்பதாகச் சொல்லிக்கொள்கிற ஒரு சமூகம், அந்த மொழியைக் கற்கச் சிறு ஊர்களில் ஒரு வகுப்பைக்கூட நிரந்தரமாக ஏன் உருவாக்கிக்கொள்ளவில்லை? 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்தபோது மாஸ்கோவின் தமிழ்ப் புத்தக வரத்தும் நின்றது. அதுவரை விதை நெல்லையும் அங்கிருந்தே வாங்கிக்கொண்டிருந்தோம் என்பது அப்போதுதான் புரிந்தது.

ஆவடியில் தெரிந்த ருஷ்ய மொழிக்கு தல்ஸ்தோய் தேவைப்படவில்லை. கண்காட்சியில் தல்ஸ்தோய் வாங்கிய வாசகருக்கு ருஷ்ய மொழி தேவைப்படவில்லை. இரண்டும் ஒரே மாவட்டத்தில் ஒன்றையொன்று பார்க்காமலே இருந்திருக்கின்றன. இரண்டையும் சந்திக்க வைக்கக்கூடிய இடம் ஒன்றுதான்: ஒரு சிறிய கல்லூரி. டிராயிங் படிக்க மொழி தேவைப்படுகிற டிப்ளமோ மாணவனும், கவிதைக்காக மொழி கேட்கிற தமிழிலக்கிய மாணவியும் ஒரே பெஞ்சில் உட்காரக்கூடிய இடம்.

அந்தப் பெஞ்சில் உட்காருகிற தமிழ்ப் பிள்ளைக்கு ருஷ்ய மொழி எப்படி இருக்கும்? ஆங்கிலப் பாடநூல்கள் ருஷ்ய இலக்கணத்தைப் பூதம் போலக் காட்டும். ஆறு வேற்றுமைகள் என்று பயமுறுத்தும். ஒன்றாம் வேற்றுமை முதல் எட்டாம் வேற்றுமை வரை ஒப்பித்துவிட்டு வந்த பிள்ளைக்கு ஆறு குறைவுதான். முப்பத்துமூன்று எழுத்துகள் என்று சொன்னால், இருநூற்று நாற்பத்தேழு எழுதிப் பழகிய கை சிரிக்கும்.

அதைவிட முக்கியம், வாக்கியம் நடக்கிற நடை. ‘நான் மாணவன்’ என்று நாம் வினைச்சொல் இல்லாமல் முடிப்பது போலவே ருஷ்யரும் முடிக்கிறார்கள். ஆங்கிலத்துக்கு அங்கே ஒரு முட்டுக்கொடுப்பு வேண்டும். ‘எனக்குக் குளிர்கிறது’, ‘எனக்கு இருபது வயது’ என்று நான்காம் வேற்றுமையில் நாம் சொல்வதை அவர்களும் நான்காம் வேற்றுமையில்தான் சொல்கிறார்கள். ‘என்னிடம் புத்தகம் இருக்கிறது’ என்பதற்கு அவர்களிடமும் ‘வைத்திருக்கிறேன்’ என்ற உடைமை வினை வழக்கமில்லை. புத்தகம் என் பக்கத்தில் இருக்கிறது என்றுதான் அந்த வாக்கியமும் அமைகிறது. ‘பையனைப் பார்த்தேன்’ என்று நாம் உருபு போட்டே ஆக வேண்டும். ‘மரம் பார்த்தேன்’ என்று உருபு இல்லாமலும் தப்பிக்கலாம். ருஷ்ய மொழியின் ஆண்பாற் பெயர்களிலும் உயிருள்ளதற்குத்தான் உருபு மாறும், உயிரற்றது எழுவாய் வடிவிலேயே நிற்கும். ‘படித்தேன்’, ‘படித்துவிட்டேன்’ என்ற வேறுபாட்டை உணர்கிற காதுக்கு, வினை முடிந்ததா முடியவில்லையா என்று ஒவ்வொரு ருஷ்ய வினையும் கேட்கிற கேள்வி அந்நியமாகப் படாது. பேச்சில் சொல் முடிவில் நாம் உதடு குவிக்காமல் விடுகிற குற்றியலுகரம், ருஷ்யர்களின் மிகக் கடினமான உயிரொலி என்று பெயர் வாங்கிய ஒலிக்கு நெருங்கிய உறவு. நீ, நீங்கள் என்ற வேறுபாடு அங்கும் உண்டு. வாத்தியாரை ஒருமையில் அழைத்துவிட்டு அசட்டுச் சிரிப்பு சிரிக்க வேண்டிய நிலை அங்கும் வரும்.

ருஷ்ய நாவலில் பெயர்க் குழப்பம் என்று வாசகர்கள் முறையிடுவது பழைய கதை. அந்தோன் பாவ்லவிச் செகாவ் என்றால் பாவெல் மகன் அந்தோன். நம் வருகைப் பதிவேட்டில் அவர் ப. அந்தோன். லேவ் நிக்கலாயெவிச் தல்ஸ்தோய் நம் வழக்கப்படி நி. லேவ். தகப்பன் பெயரைத் தலையெழுத்தாகச் சுமந்துகொண்டு, குடும்பப் பெயர் எது என்று கேட்கிற விண்ணப்பப் படிவத்தின் முன் விழிக்கிற தமிழ்ப் பிள்ளைக்கு இந்த ஏற்பாட்டை யாரும் விளக்க வேண்டியதில்லை.

எல்லாம் எளிது என்று சொல்லி ஏமாற்றவும் கூடாது. நான்கு மெய்கள் ஒட்டி நிற்கிற சொல் தொடக்கங்கள் தமிழ் நாக்கைப் பிடித்து இழுக்கும். இடையில் ஒரு உயிரைச் செருகத் தோன்றும். அசையழுத்தம் எங்கே விழும் என்று எழுத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. அழுத்தம் விலகினால் ‘ஒ’ போய் ‘அ’ ஆகிவிடும், அதனால்தான் மாஸ்கோவை அவர்கள் ‘மஸ்க்வா’ என்கிறார்கள். மேசை ஆண்பால், புத்தகம் பெண்பால் என்பதற்கு உயர்திணை அஃறிணை படித்த மனம் எளிதில் உடன்படாது. எல்லாவற்றிலும் கொடுமை ‘போகிறேன்’ என்பதுதான். நடந்து போவதற்கு ஒரு வினை, வண்டியில் போவதற்கு வேறொன்று; இப்போது ஒரு திசையில் போவதற்கு ஒன்று, தினமும் போய்வருவதற்கு இன்னொன்று. பொன்னேரியிலிருந்து மின்ரயிலில் சிப்காட்டுக்கு ஷிப்டுக்குப் போய்வருகிறவர், தன் அன்றாடத்தைச் சொல்ல இதில் எதை எடுப்பது என்று கொஞ்சம் திணறித்தான் கற்க வேண்டியிருக்கும். திணறட்டும். திணறாமல் வருகிற மொழி அறிவு மனப்பாடப் பகுதியோடு முடிந்துவிடும்.

இந்த ஊரில் அந்த இலக்கியத்தைப் படித்தால் எதை முதலில் எடுப்பது? நான் ‘தாய்’ நாவலைச் சொல்ல மாட்டேன். அது நமக்கு ஏற்கெனவே வேதமாகிவிட்டது. வேதத்தைத் திறந்து படிப்பவர் குறைவு. ஒரு சுவையான செய்தி மட்டும் சொல்லலாம். 1902இல் நீஷ்னி நோவ்கரதுக்கு அருகே சர்மவ ஆலைப்பகுதியில் நடந்த மே நாள் ஊர்வலத்தை வைத்து எழுதப்பட்ட அந்த நாவல், 1906இல் முதலில் அச்சேறியது நியூயார்க் பத்திரிகை ஒன்றில், ஆங்கிலத்தில். கோர்க்கிக்கே ஆங்கிலம் முதல் வாசல் ஆயிற்று.

நான் முதலில் வைப்பது குப்ரினின் ‘மோலோக்’. 1896இல் வந்த குறுநாவல். தன்பாஸ் உருக்காலைகளில் வேலை பார்த்த அனுபவத்தில் எழுதியது. அதன் நாயகன் பாப்ரவ் ஆலையில் எஞ்சினியர். மனிதர்களின் ஆயுளை நாள் கணக்கில் விழுங்குகிற உலைகளின் அருகே நின்று, தன் சம்பளம் எதிலிருந்து வருகிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்து நிம்மதி இழக்கிறவன். உருக்கு ஆலைகளின் புகை படிந்த ஊரில், எஞ்சினியரிங் படிப்பை நம்பி நிலம் விற்ற குடும்பங்களின் பிள்ளைகள் படிக்க இதைவிடப் பொருத்தமான கதை இல்லை. அடுத்தது பிளத்தோனவ். நிலச் சீரமைப்பு எஞ்சினியராக வேலை செய்துகொண்டே எழுதியவர். 1930இல் எழுதிய ‘அடித்தளக் குழி’ அவர் நாட்டில் அச்சாக 1987 வரை காத்திருந்தது. தொழிலாளிகள் கட்டப்போகும் மாளிகைக்காகக் குழி தோண்டிக்கொண்டே இருக்கிறார்கள். அதிகார வர்க்கத்தின் மொழி எப்படி மனிதர்களின் வாய்க்குள் புகுந்து அவர்களுடைய பேச்சையே கோணலாக்குகிறது என்பதுதான் கதை. இதை ஆங்கிலம் வழியாகப் படித்தால் கோணல் பாதி நிமிர்ந்துவிடுகிறது. மூலத்தில் படிக்க ஒரு மொழியைக் கற்கலாம் என்று எனக்குத் தோன்றுகிற நூல் இதுதான்.

மூன்றாவது செகாவின் ‘கூசெவ்’. 1890இல் சஹலீன் தீவின் கைதிகளைப் பார்த்துவிட்டுச் செகாவ் ஊர் திரும்பியது கப்பலில். விளாதிவஸ்தோக், ஹாங்காங், சிங்கப்பூர், பிறகு கொழும்பு. கண்டிக்கும் போனார். இலங்கையிலிருந்து கீரிப்பிள்ளைகளை வாங்கிக்கொண்டு போய் மாஸ்கோ வீட்டில் வளர்த்தார். அந்தப் பயணத்தில் பிறந்த கதை ‘கூசெவ்’: தூர கிழக்கில் சேவை முடிந்து ஊருக்குத் திரும்புகிற ஒரு சிப்பாய் கப்பல் நோயாளிக் கூடத்தில் சாகிறான், உடலைப் பாய்மரத் துணியில் தைத்துக் கடலில் இறக்குகிறார்கள். காய்ச்சலில் அவன் நினைப்பதெல்லாம் ஊரும் பனியும் அண்ணன் பிள்ளைகளும்தான். ரயில் பெட்டியில் நின்றுகொண்டே ஒடிசாவுக்கும் பீகாருக்கும் திரும்புகிறவர்களைத் தினமும் பார்க்கிற ஊர் இந்தக் கதையை வெளிநாட்டுக் கதையாக வாசிக்காது. புதிய கடல்வழி என்று 2019இல் கையெழுத்தான தடத்தின் பெரும்பகுதியில் அதற்கு 129 ஆண்டுகள் முன்பே செகாவ் வந்திருக்கிறார்.

அதே தடத்தின் மறுமுனையில் வேறொரு நினைவும் இருக்கிறது. கவிஞர் மந்தல்ஷ்தாம் 1938 டிசம்பரில் இறந்தது விளாதிவஸ்தோக் அருகே ஒரு இடைத்தங்கல் கைதி முகாமில். மாஸ்கோ வழியாக நமக்கு வந்த ருஷ்ய இலக்கியத்தில் அவர் இல்லை. மாஸ்கோ நமக்கு அனுப்பிய பெட்டிகளில் எதை வைப்பது என்பதை அவர்கள் முடிவு செய்தார்கள். மகனின் சிறைவாசலில் மாதக்கணக்கில் வரிசையில் நின்ற அஹ்மாத்தவா, தன் ‘இரங்கற்பா’வைக் காகிதத்தில் வைத்திருக்க அஞ்சி நண்பர்களின் நினைவில் பாதுகாத்தார், அவர் நாட்டில் அது முழுதாக வெளிவந்தது 1987இல். கவிதைதான் நம்மிடம் வராத பெரும்பகுதி. நாவல் இரண்டு முறை மொழி மாறினாலும் கதையாவது எஞ்சும். யாப்பில் எழுதிய கவிதை ஆங்கிலத்தில் இறங்கி ஏறும்போது ஓசையை இழந்து கருத்துச் சுருக்கமாக வந்து சேரும். அதனால்தான் புஷ்கின் நமக்குப் பெரும்பாலும் கதைக்காரராகவே அறிமுகமானார். ‘எவ்கேனி அனேகின்’ பதினான்கு அடிகள் கொண்ட கண்ணிகளால் ஆன செய்யுள் நாவல். சீரும் தளையும் படிக்கிற தமிழிலக்கிய மாணவர்கள் அதன் தாளத்தை விரல்விட்டு எண்ணக் கூடியவர்கள். அவர்களில் ஒருவருக்கு மூல மொழி தெரிந்தால் போதும், தமிழ் ஒரு புஷ்கினைப் பெறும்.

ஒருவர் போதுமா என்று கேட்பவர்களுக்கு எதிர்ப்பக்கத்து வரலாற்றைக் காட்டலாம். கெராசிம் லேபெதெவ் என்ற ருஷ்ய இசைக்கலைஞர் 1785இல் சென்னைக்கு வந்து இரண்டு ஆண்டுகள் இருந்தார். அவர் கற்ற ‘மலபார் மொழி’ நம் தமிழ்தான். பிறகு கல்கத்தா போய் 1795இல் வங்காள நாடக மேடைக்கு வழி திறந்தார். இருபதாம் நூற்றாண்டில் லெனின்கிராதில் செம்யோன் ரூதின் செம்பியன் என்று தமிழ்ப் பெயர் வைத்துக்கொண்டு தமிழ் கற்பித்தார். அந்த்ரோனவ் எழுதிய தமிழ் இலக்கண நூலை 1969இல் சென்னையில் நியூ செஞ்சுரிதான் வெளியிட்டது. அலெக்சாந்தர் துபியான்ஸ்கி மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பல பத்தாண்டுகள் தமிழ் கற்பித்தார். சங்கப் பாடல்களின் சடங்கு வேர்களைப் பற்றி எழுதினார். 2020 நவம்பரில் கொரோனா அவரைக் கொண்டுபோனது. இவர்கள் எல்லோரும் தனியாகவோ கைவிரலில் எண்ணக்கூடிய மாணவர்களோடோ வேலை செய்தவர்கள். ஒரு மொழிக்கும் இன்னொரு மொழிக்கும் இடையிலான பாலத்தை எப்போதும் ஐந்தாறு பேர்தான் கட்டியிருக்கிறார்கள். நம் பக்கத்துக் கரையில் ஆள் குறைவு.

இப்போது ருஷ்ய மொழியா என்று கேட்பவர்களும் உண்டு. 2022 பிப்ரவரி 24இல் ருஷ்யா உக்ரைன்மீது படையெடுத்த பிறகு அந்தக் கேள்வி நியாயமானது. குப்ரின் எழுதிய தன்பாஸ் இன்று போர்க்களம். ருஷ்ய இலக்கியத்தின் பெருமிதத்துக்குள் பேரரசின் செருக்கும் கலந்திருக்கிறது என்று உக்ரைன் எழுத்தாளர்கள் சொல்வதைக் காதில் வாங்காமல் இனி அந்த இலக்கியத்தைக் கற்பிக்க முடியாது, கற்பிக்கவும் கூடாது. கோகல் பிறந்தது பல்தாவா பக்கம், புல்காகவ் கீவில், பாபெல் ஒதேஸாவில், ஐத்மாத்தவ் கிர்கிஸ் மலைக் கிராமத்தில். ஆதிக்க மொழி ஒன்றில் எழுதிய விளிம்பு மனிதர்களின் சிக்கல் தமிழருக்குப் புரியாத ஒன்றல்ல. சோவியத் காலத்தில் நாம் மண்டியிட்டு வாசித்தோம். எழுந்து நின்று வாசிக்க வேண்டிய காலம் இது. அதற்கு மொழி தெரிந்திருப்பது நல்லது. மொழி தெரியாதவரே மற்றவர் சொல்வதை நம்பியாக வேண்டியவர்.

இதற்குக் கசப்பான சான்றும் இருக்கிறது. நல்ல வேலை என்று நம்பிப் போன இந்திய இளைஞர்கள் ருஷ்யப் படையில் சேர்க்கப்பட்டு முன்னணிக்கு அனுப்பப்பட்ட விவகாரத்தில், 2024 மார்ச்சில் மத்தியப் புலனாய்வுத் துறை வழக்குப் பதிவு செய்தது. தாங்கள் கையெழுத்திட்ட காகிதம் ருஷ்ய மொழியில் இருந்தது, என்ன எழுதியிருந்தது என்று தெரியாது என்று தப்பித்து வந்தவர்களில் பலர் சொன்னார்கள். ருஷ்யாவில் எம்பிபிஎஸ் என்ற விளம்பரத்தட்டி இல்லாத ஊர் இன்று தமிழ்நாட்டில் இல்லை. ஆங்கில வழிப் படிப்பு என்று அழைத்துப் போகிறார்கள். அங்கே வார்டில் படுத்திருக்கும் கிழவி தன் நெஞ்சுவலியை ருஷ்ய மொழியில்தான் சொல்வாள். இந்த இருவருக்கும், ஏமாந்தவருக்கும் மருத்துவம் படிக்கப் போகிறவருக்கும், தன் ஊர்க் கல்லூரியிலேயே ஒரு ஆண்டு வகுப்பு கிடைத்திருந்தால் எவ்வளவோ உதவியிருக்கும்.

ஆகவே யோசனை எளியது. தமிழ்நாட்டுக் கலைக் கல்லூரிகளில் பகுதி ஒன்று என்று ஒரு மொழிப்பாடம் உண்டு. நகரத்துத் தனியார் கல்லூரிகளில் அதில் பிரெஞ்சு எடுப்பவர்கள் பலர். மதிப்பெண் நன்றாக வரும் என்பது காரணம். அந்த அளவுகூட வேண்டாம். பொன்னேரி அரசு கலைக் கல்லூரி போன்ற ஒரு இடத்தில் மாலை நேரச் சான்றிதழ் வகுப்பு. இருபது இருக்கை. சிப்காட் தொழிலாளர்களுக்கும் பாலிடெக்னிக் மாணவர்களுக்கும் திறந்த கதவு. முதல் ஆண்டு எழுத்தும் பேச்சும். இரண்டாம் ஆண்டு ஒரு பக்கம் தொழில்நுட்பக் கையேடு, மறுபக்கம் செகாவின் சிறுகதை. அரசின் ‘நான் முதல்வன்’ திட்டத்தில் கணினி மொழிகளுக்கு இடம் இருக்கிறது; ருஷ்ய மொழிக்கும் இருக்கலாம். படித்த இருபது பேரில் பதினைந்து பேர் வேலைக்காகப் போவார்கள். போகட்டும், அதற்கும்தான் கல்லூரி. நான்கு பேர் பாதியில் விடுவார்கள். மிஞ்சுகிற ஒருவர் அகராதியும் கையுமாக உட்கார்ந்து பிளத்தோனவையோ அஹ்மாத்தவாவையோ நேராகத் தமிழுக்குக் கொண்டுவருவார்.

டாங்கிக் காகிதங்களை மொழிபெயர்க்க ஆண்டுக்கணக்கில் காத்திருக்க முடிந்த நாடு இது. அதே மாவட்டத்தில் ஒரே ஒரு ருஷ்ய மொழி ஆசிரியர் பணியிடம் அதற்குப் பெரிய செலவில்லை. கேட்க வேண்டியவர்கள் நாம். ருஷ்ய இலக்கியத்தைப் படித்து வளர்ந்தோம் என்று மேடையில் சொல்லிக்கொள்கிற எழுத்தாளர்களும் வாசகர்களும் பேராசிரியர்களும். அந்த ஆசிரியரைக் கேட்டு ஒரு மனு எழுதியாவது அந்தக் கடனில் கொஞ்சம் அடைக்கலாம்.